துணை நாற்காலி

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே ஊத்துக்குளி சாலைத் தெளிவகத்தில் நாற்பது ஜோடிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டு, கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் நான்காக மடித்த துண்டு ஒன்று இருந்தது. நடுக்கம் ஏறும்போது நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொள்வது அது. தெளிவகத்திலேயே ரப்பர் கட்டை கொடுப்பார்கள்தான். இன்னொருத்தி வாயில் இருந்ததை யார் வைத்துக்கொள்வது? இப்போதெல்லாம் திருப்பூர்ப் பக்கம் பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது பித்தளைக் குடத்தோடு கனமான துண்டு ஒன்றும் வைக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான்.

கோபிகாவுக்கு இது ஏழாவது முறை. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள். வெளிச்சத்தில் துணியை விரித்தால் ஊசி ஓட்டையும் தையல் நழுவலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பக்கத்தில் அவள் கணவன் மௌலீஸ்வரன், வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தங்கமான மனுசன் என்று எல்லாரும் சொல்வார்கள். குடிக்காத நாட்களில் அவளும் அதையேதான் சொல்வாள். அப்படிப்பட்ட நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. காலையில் கை நடுங்குகிற கட்டிங் மாஸ்டரை எந்தக் கம்பெனியும் கத்தியைத் தொட விடாது. தெளிவுச் சீட்டு கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

வலிமாற்றி என்ற இயந்திரம் வந்து பதினோரு வருடமாகிறது. அதற்கு முன்பு குடியை நிறுத்துகிறவன் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். தினமும் குடித்துப் பழகிய மூளை, சாராயம் அழுத்தும் என்று எதிர்பார்த்துத் தன்னை முறுக்கியே வைத்திருக்கும். திடீரென்று அது வராமல் போனால், மூடிய கதவை முட்டித் தள்ளுகிறவன் முன்னால் கதவு தானாகத் திறந்துகொண்ட மாதிரி தலைகுப்புற விழும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சுவரெல்லாம் பூச்சி ஊரும். சிலருக்கு வலிப்பு வரும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மருந்தும் ஊசியும் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கும்: மாதக்கணக்கில் பேச்சு, கூட்டம், பழைய கூட்டாளிகளை விட்டு விலகுவது. பாதிப் பேர் பாதியிலேயே ஓடிவிடுவார்கள்.

வலிமாற்றிக்கு ஐம்பது நிமிடம் போதும். இரண்டு நாற்காலிகள், இரண்டு செப்புவலைத் தொப்பிகள். ஒரு நாற்காலியில் குடித்தவர் உட்காருவார். இயந்திரம் அவர் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டே, மூளையில் எழும் கொந்தளிப்பை உருவியெடுத்து இன்னொரு நாற்காலியில் இருப்பவரின் மூளைக்குள் இறக்கிவிடும். குடித்தே பழகாத மூளை அதைத் தாங்கும், வலிப்பு வராது, உயிருக்கு ஆபத்தில்லை. வலி மட்டும் ஒரு சொட்டுக் குறையாது. ஒரே கூரையின் கீழ் ஐந்து வருடமாவது தூங்கி எழுந்தவர்களின் மூளைகள்தான் ஒத்துப்போகும் என்பதால் வெளியாளை உட்கார வைக்க முடியாது. சட்டத்தில் ‘துணைவர்’ என்று மட்டுமே இருக்கிறது, ஆண் என்றோ பெண் என்றோ இல்லை. ஆனாலும் துணை நாற்காலியில் உட்காருகிறவர்களில் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர் மனைவிகள். மீதிப் பத்துப் பேர் அம்மாக்களும் மகள்களும்.

பதிவு மேஜையில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பாப்பாவுக்கு அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறதே, இனி அக்காவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்றாள். பதினெட்டு நிறைந்த பிள்ளைகளும் துணைவராகலாம் என்று படிவத்தின் அடியிலேயே அச்சடித்திருந்தது. கோபிகாவின் பேனா நின்றுவிட்டது. அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள் என்று மௌலிக்குத் தோன்றியிருக்க வேண்டும். நடுங்குகிற கையால் அவள் உள்ளங்கையில் அடித்தான்.

“ஆதிரா மேல சத்தியம், கோபி. எம்புள்ள அந்தச் சேர்ல உக்காராது. இதுதான் கடைசி.”

அவன் கண் கலங்கியிருந்தது. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். அப்போது விடிந்துதான் இருந்தது, அன்றைக்கு இன்னும் அவன் குடிக்கவும் இல்லை. அதோடு பெற்ற பிள்ளையின் தலைமேல் அடித்த சத்தியம். கோபிகா நம்பினாள், கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. துணை நாற்காலியின் கைப்பிடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் மணிக்கட்டுப் பட்டைகள் கழன்று எல்லாம் நின்றுவிடும். எதிரே இருப்பவருக்கு அவருடைய வலி முழுதும் திரும்பிப் போய்விடும். ஏழு முறையும் கோபிகா அதைத் தொடவில்லை. கை தவறிப் பட்டுவிடக் கூடாது என்று விரல்களை மடக்கியே வைத்திருந்தாள். எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. கூரையிலிருந்து ஏதோ இறங்கி வந்தது. கண்ணைத் திறந்தபோதெல்லாம் எதிர் நாற்காலியில் மௌலி குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவள் தாங்கினாள்.

முடிந்ததும் அவன் சோம்பல் முறித்து எழுந்தான். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. பசிக்கிறது என்றான். சீட்டில் ‘முடிந்தது’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வழக்கம்போல அவளுக்கு மல்லிகைப் பூவும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்து வீட்டில் இறக்கிவிட்டு, நேராக வேலைக்குப் போனான். அவளால் பரோட்டாவை மெல்ல முடியாது. தாடை இரண்டு நாளைக்கு வலிக்கும். ஏழு முறையும் அவன் பரோட்டாதான் வாங்கினான்.

முதல் நான்கு முறை அவளுக்கு நடுக்கம் சாயங்காலத்துக்குள் நின்றுவிட்டது. ஐந்தாவது முறை இரண்டு நாள் ஆயிற்று. ஆறாவதுக்குப் பிறகு நிற்கவே இல்லை. விளக்கின் அடியில் துணியை விரித்தால் துணி ஆடியது, ஊசி ஓட்டைகளைத் தவறவிட்டாள். சூப்பர்வைசர் அந்தப் பனியன்களில் அம்புக்குறி ஒட்டி எல்லார் முன்னாலும் மேஜைமேல் வைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அலமாரிக்குப் பின்னால் மௌலி ஒளித்து வைத்திருந்த குவார்ட்டர் பாட்டிலில் மிச்சமிருந்ததை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். அவள் வாயில் அதுவரை சாராயம் பட்டதே இல்லை. தொண்டை எரிந்தது, வாந்தி வந்தது. கால் மணி நேரத்தில் கை நின்றுவிட்டது. அது எப்படி நிற்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவள் மூளைக்கே தெரிந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் கொஞ்சம் குடித்தாள், வாடை தெரியாமல் இருக்கப் பையில் கிராம்பு வைத்துக்கொண்டாள்.

ஏழாவதுக்குப் பிறகு வாடையை மறைக்கக் கிராம்பும் போதவில்லை. புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுத் தெளிவக மருத்துவரைப் போய்ப் பார்த்தாள். துணைவருக்குப் பழக்கம் தொற்ற வாய்ப்பே இல்லை என்று அவர் முதலில் பாடம் ஒப்பித்தார். வலி என்பது வெறும் அலை, போனதும் போய்விடும், தடம் பதியாது என்றார். அவள் கையை மேஜைமேல் நீட்டினாள். அந்த விரல்களைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து கதவைச் சாத்தினார். இப்படி நிறையப் பேர் வருகிறார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். குடியை விட்ட வேதனையை ஒரு மூளை திரும்பத் திரும்பப் பட்டால், குடித்துத்தான் பட்டோம் என்று நம்பத் தொடங்கிவிடுகிறதாம். எழுதிக்கொள்ளத்தான் தங்கள் படிவத்தில் இடமில்லை என்றார். துணைவர்கள் உட்கார மாட்டோம் என்று சொல்லிவிட்டால் தெளிவகத்தை மூட வேண்டியதுதான். அவர் அதைச் சொல்லவில்லை, அவளே புரிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் மௌலியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கால் பாட்டிலை, கிராம்பை, ஊசி ஓட்டையை. மூன்று நாளாகக் குடிக்காமல் தெளிவாக இருந்தவன் முதலில் திடுக்கிட்டான். நீயா குடித்தாய் என்று இரண்டு முறை கேட்டான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஏழு தடவை நீ எனக்காக உக்காந்திருக்கறே. ஒருக்கா நான் உனக்கு உக்கார மாட்டனா? சனிக்கிழமை போறோம், அவ்வளவுதான்.”

கல்யாணத்தன்றுகூட அவளுக்கு அவன்மேல் அத்தனை ஆசை வந்ததில்லை. மூன்று நாளும் அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். அவனுக்காக நல்ல கனமான துண்டாகப் பார்த்துத் துவைத்து, காயவைத்து, நான்காக மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை குடித்தவர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததும் வரிசையில் இருந்த பேச்சு அடங்கியது. மடியில் துண்டு வைத்திருந்த பெண்கள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடிக்கிற பொம்பளை என்று யாரோ சொன்னது கோபிகாவுக்குக் கேட்டது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. எதிரே மௌலி தொப்பி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். இயந்திரம் முனகத் தொடங்கியது.

மாதக்கணக்காக விரல் நுனியில் இருந்த நடுக்கம் கழன்று போனது. தோள் தளர்ந்தது. இப்படித்தான் இருக்குமா, இதைத்தான் இவர் ஏழு முறை அனுபவித்தாரா என்று நினைத்தாள். கண் சொருகியது. அப்போதுதான் அவன் கத்தியது கேட்டது.

மூன்றாவது நிமிடம். சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்துவிட்டு, தொப்பியைப் பிடுங்கிக் கீழே எறிந்துவிட்டு நின்றான் மௌலி. விலகிய வலி அத்தனையும் ஒரே மூச்சில் அவளுக்குள் திரும்பி வந்தது. அவள் நாற்காலியிலிருந்து சரிந்தாள். அவன் இயந்திரத்தை இயக்கிய ஆளிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

“இது மனுசன் தாங்கறதாங்க? யாருங்க தாங்குவாங்க இதை?”

அந்த ஆள் கோபிகாவைப் பார்த்தான். மௌலி பார்க்கவில்லை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரிந்த பிறகும் சிலர் தன் வலியை மட்டும்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அவள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர் இல்லை. ரொம்பப் பயந்துவிட்டேன், கொஞ்சம் போட்டால்தான் சரியாகும் போலிருக்கிறது என்று கைப்பேசியில் செய்தி மட்டும் இருந்தது.

தெளிவகங்கள் வந்தபின், குடியை நிறுத்தப் படுக்கவைத்து வைத்தியம் பார்த்த பழைய மீள்வகங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். அவிநாசிக்கு அப்பால் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. பன்னிரண்டு கட்டில், ஒரு மருத்துவர், செபஸ்தி என்று ஓர் ஆண் நர்ஸ். ஆதிராவுக்கு இரண்டு வாரம் கழித்துப் பரீட்சை. அவளிடம் உடம்புக்கு வைத்தியம் என்று மட்டும் சொல்லிவிட்டு கோபிகா பஸ் ஏறினாள். நாற்காலியைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தாள். சத்தியம் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

வார்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் கட்டில்களைத் துணியைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தது. பதினோரு பேர். ஒன்பது பேர் பெண்கள். ஒவ்வொருத்தி தலைமாட்டிலும் நான்காக மடித்த துண்டு. இங்கே அதற்கு வேலையில்லை, கேட்டால் மருந்து தருவார்கள் என்று செபஸ்தி எத்தனை சொல்லியும் யாரும் அதை எடுத்து வைக்கவில்லையாம். கோபிகாவும் தன்னுடையதை எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள்.

பத்து நாள் பத்து நாளாகத்தான் போனது. இங்கே பொத்தான் இல்லை. ஆனால் மூன்று மணிக்கொரு முறை நாடி பார்க்க ஓர் ஆள் வந்தார், தொடையில் வைட்டமின் ஊசி போட்டார்கள், நடுக்கம் மீறினால் மாத்திரை தந்தார்கள். மூன்றாம் நாள்தான் மோசம். அன்றைக்கு அவள் அழுதது வலியால் இல்லை. எதிர் நாற்காலியில் தூங்கிய முகத்தை நினைத்து அழுதாள். அதைப் பார்த்துத் தாங்கினோமே என்று வெட்கமாக இருந்தது. ஐந்தாம் நாள் பசித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் பேச விடுவார்கள். அந்த ஞாயிறு ஆதிராவுக்குப் பதினெட்டு முடிந்தது. வாழ்த்துச் சொன்னாள். ஆதிரா ஏதோ கேட்க வந்து, ஒன்றுமில்லை, நீங்க சீக்கிரம் வாங்க என்று வைத்துவிட்டாள்.

பதினோராம் நாள் காலை செபஸ்தி அவளுக்குச் சீட்டு எழுதினான். அவனும் ஒரு காலத்தில் இதே வார்டில் படுத்திருந்தவன். சீட்டில் குணமானார் என்று எழுத மாட்டார்கள். ‘தொடங்கினார்’ என்று எழுதி, கீழே தேதி போடுவார்கள். அந்த மீள்வகத்தின் வழக்கம் அது.

“பத்து நாள்ல ஒடம்புல இருக்கறதுதானுங்க போகும்,” என்றான். “எதுனால குடிச்சோமோ, அது வீட்டுல அப்படியே உக்காந்திருக்கும். அதையும் வெச்சுக்கிட்டுத்தான் இனி வாழோணும். வாரா வாரம் கூட்டத்துக்கு வந்துருங்க.”

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மௌலி இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. கையில் மல்லிகைப் பூ, வண்டியின் முன் கொக்கியில் ஒரு பொட்டலம். கோபிகா அவன் விரல்களைப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. பத்து நாளுக்கு முன்னால் மறுபடி குடிக்கத் தொடங்கியவன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தானாக நிறுத்திவிட்டானோ என்று நினைத்துவிட்டாள்.

“நீ வர்றப்ப நான் தெளிவா நிக்கோணும்னு நெனச்சேன். காத்தாலயே போய் முடிச்சுட்டு வந்துட்டேன். எல்லாம் உனக்காகத்தான், அம்மிணி.”

யார் உட்கார்ந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. வண்டிக்குப் பின்னால் வேப்ப மர நிழலில் ஆதிரா நின்றுகொண்டிருந்தாள். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். அவள் அப்படிப் போடுகிறவள் இல்லை. பிறந்தநாளுக்கு வாங்கிய கண்ணாடி வளையல் கையில் இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் பட்டை அழுத்திய சிவப்புத் தடம்.

புள்ள பொத்தானைத் தொடவே இல்லை, உன்னை மாதிரியே என்று மௌலி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தெளிவகத்தில் கைதட்டினார்களாம். இளம் மூளை இன்னும் நன்றாக ஒத்துப்போகிறதாம்.

ஆதிரா அருகில் வந்தாள். தாடையை அதிகம் அசைக்காமல் பேசினாள்.

“இனி நீங்க உக்கார வேண்டாம்மா. நான் உக்காந்தா அம்மாவ விட்டுர்றேன்னு அப்பா சொன்னாரு. எம்மேல சத்தியம் பண்ணுனாரு.”

கோபிகாவுக்கு அழுகை வரவில்லை. பதினெட்டு வருடம் இந்தத் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் இருந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. தன் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மௌலி நீட்டிய பூவை வாங்கவில்லை.

“உள்ள நான் படுத்திருந்த கட்டில் காலியாத்தான் இருக்குதுங்க,” என்றாள். “பத்து நாள். நீங்களே போய்ப் படுங்க. படுத்து எந்திரிச்சு வந்தா பேசலாம்.”

அவன் சிரித்தான். அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து புதுச் சீட்டை எடுத்து, முத்திரை தெரியும்படி அவள் முன் நீட்டினான்.

“எனக்கெதுக்குடி? நான்தான் முடிச்சுட்டனே.”

அவள் மகளின் மணிக்கட்டைத் தடத்தில் படாமல் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பின்னால் அவன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். பிறகு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. மீள்வகத்துப் பக்கம் போகிற சத்தம் இல்லை அது.

பஸ்ஸில் ஆதிரா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சிறிய கை கோபிகாவின் உள்ளங்கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. இது நின்றுவிடுமா என்று ஆதிரா கேட்டாள். இன்றைக்குச் சாயங்காலம் நின்றுவிடும் என்று கோபிகா சொன்னாள். முதல் தடவை நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.